காகிதத்தில் பிறக்கும் ரவிக்கை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் எந்த ஊர்க் கடைத்தெருவிலேனும் ஒரு தையற்கடை வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தால், கையில் ஒரு துணிப்பையும், அந்தப் பைக்குள் புதுச்சேலையிலிருந்து கத்தரித்தெடுத்த ரவிக்கைத் துணியும், அந்தத் துணிக்குள்ளே சுருட்டி வைத்த பழைய ரவிக்கை ஒன்றுமாகப் பெண்கள் காத்திருப்பதைக் காணலாம். அந்தப் பழைய ரவிக்கைக்கு 'அளவு ரவிக்கை' என்று பெயர். "இதே அளவுதான் அண்ணா, கை மட்டும் அரை இஞ்ச் இறக்கி வையுங்கள். போன தடவை மாதிரி தோளை விட்டு நழுவாமல் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அதை மேஜைமேல் விரிப்பார்கள். தையற்காரரும் இஞ்ச் டேப்பை அதன்மேல் ஓட்டி, நாலைந்து எண்களைச் சீட்டில் குறித்து, துணியின் மூலையில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்து ரசீதோடு பின் அடித்துக் கொடுத்துவிடுவார்.

வெகு காலமாக நடந்து வருகிற இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். அளவுக்கென்று கொடுத்த அந்த ரவிக்கை, அதற்கு முந்திய ஒரு ரவிக்கையைப் பார்த்துத் தைத்தது. அது அதற்கும் முந்தியதைப் பார்த்துத் தைத்தது. நடுவில் துணி சுருங்கியிருக்கும், கழுத்தோரம் இழுபட்டிருக்கும், பக்கத் தையலை ஒரு முறையேனும் பிரித்துவிட்டிருப்போம், உடம்பும் நான்கு வருஷத்துக்கு முன்பு இருந்ததுபோல் இருக்காது. ஏட்டைப் பார்த்து ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் ஒருவர் விட்ட பிழையை அடுத்தவர் பாடமென்றே நம்பி எழுதி, அதோடு தம் பிழையையும் சேர்த்துவிட்டுப் போனதைப்போல, ஒவ்வொரு ரவிக்கையும் முந்தியதன் குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது.

தையற்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பண்டிகை நாளில் மலைபோல் குவிந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, ஒவ்வொருவரையும் மூன்று முறை வரவழைத்துப் போட்டுப் பார்த்துத் திருத்த அவகாசம் ஏது? அந்த அவகாசம் உள்ளவள் வீட்டில் தைக்கிறவள்தான். அவளுக்கு ஒரே உடம்பு, ஒரே கண்ணாடி, வேண்டிய மட்டும் நேரம். கைத்தேர்ச்சியில் தொழிலாளிக்கு நாம் ஒருநாளும் ஈடாகப் போவதில்லை என்றாலும், ஒரே உடம்பை மீண்டும் மீண்டும் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பில் அவரைக் காட்டிலும் நாம் பாக்கியசாலிகள். அந்தத் திருத்தங்களையெல்லாம் துணியில் செய்தால் துணியோடு போய்விடும். காகிதத்தில் செய்தால் நிற்கும். வீட்டுத் தையலைப் பற்றி நான் சொல்ல விரும்பும் பிரதானமான விஷயம் இது ஒன்றுதான்: அளவு ரவிக்கையை விட்டுவிட்டு, உங்களுக்கென்று ஓர் அளவுக் காகிதத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் தையல் புதிதன்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர்களை எடுத்துச் சொல்லும் சிலப்பதிகாரம், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் வேறு வேறாகவே குறிப்பிடுகிறது. ஆயினும் நம் பிரதான உடைகளான வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியவாறே உடம்பில் ஏறுபவை; அவற்றுக்கு அளவு கிடையாது. உடம்பு பெருத்தால் கொசுவத்தில் ஒரு மடிப்புக் குறையும், இளைத்தால் ஒன்று கூடும். பாட்டியின் சேலையைப் பேத்தி கட்டிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. சேலை மன்னிக்கிற இடத்தில் ரவிக்கை மன்னிப்பதில்லை. ஒரு மீட்டருக்கும் குறைவான துணியில், தோள், மார்பு, கை, முதுகு என்று உடம்பின் மிகவும் வளைந்த பகுதிகளை ஒட்டி நிற்க வேண்டியிருப்பதால், தைக்கும் உடைகளிலெல்லாம் கடினமானவற்றுள் ஒன்று அது. அதைக் கற்றுக்கொண்டவளுக்குக் குழந்தையின் கவுனும் பாவாடையும் சுடிதாரும் பெரிய காரியமாகத் தோன்றா.

என் தாயாரிடம் கறுப்பு உஷா மிஷின் ஒன்று இருந்தது, காலால் மிதிப்பது. 1930-களில் கல்கத்தாவில் உற்பத்தியாகத் தொடங்கி, பிறகு எண்ணற்ற வீடுகளின் கூடத்தில் இடம்பிடித்துக்கொண்ட அதே வகை. அந்த மிஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கம்பி வளையம். வளையத்தில் காக்கி நிறக் கனத்த காகிதத்தில் வெட்டிய முன்பாகம், பின்பாகம், கை என்று வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் அளவும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் மீதும் பென்சிலால் பெயரும் தேதியும் இருக்கும். திருத்திய இடங்களில் பக்கத்திலேயே இன்னொரு தேதி. சில இடங்களில் கோந்து தடவி ஒட்டுக்காகிதம் ஒட்டி அகலப்படுத்தியிருக்கும். சில இடங்களில் மடித்துக் குண்டூசி குத்தியிருக்கும். மின்விசிறி சுழலும்போது அவை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சலசலப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

இப்படிக் காகிதத்தில் அளவை வெட்டி வைத்துக்கொள்வது தையற்காரர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த உபாயந்தான். அதை வீட்டுப் பெண்களின் கைக்குக் கொண்டுவந்த பெருமை, அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் இருந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரரையும் அவர் மனைவி எல்லெனையும் சாரும். அதற்கு முன்பும் பத்திரிகைகளில் உடை மாதிரிகள் வெளிவந்ததுண்டு. ஆனால் ஒரே ஓர் அளவில்தான் வரும். அதைத் தன் குழந்தையின் அளவுக்குப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டுமானால் அந்தப் பாரம் முழுவதும் தைப்பவளின் தலையில். எல்லெனுக்கு நேர்ந்த அந்தச் சிரமத்திலிருந்துதான், ஒரே உடுப்பைப் பல அளவுகளில் தனித்தனியாக வெட்டி விற்றால் என்ன என்ற யோசனை பிறந்தது என்பார்கள். 1863-ல் அவர்கள் அந்த மாதிரிகளை விற்கத் தொடங்கினார்கள். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும். சில வருஷங்களில் பெண்களின் உடைகளுக்கும். கனத்த அட்டையைத் தபாலில் அனுப்புவது சிரமமென்று மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார்கள். வியாபாரம் நியூயார்க் வரை சென்றது.

கண் துவாரம் கூர்முனையில் அமைந்த ஊசியோடு எலியாஸ் ஹோ தம் தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்றது 1846-ல். ஐசக் சிங்கர் பெற்றது 1851-ல். இயந்திரம் தைக்கும் வேலையைச் சுலபமாக்கியது, காகிதம் வெட்டும் வேலையைச் சுலபமாக்கியது. இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகே வீட்டிலிருந்து உடை தைப்பது சாமானியர்க்கும் சாத்தியமாயிற்று. இயந்திர மோகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தியடிகள், 1924-ல் அதைப்பற்றிக் கேள்வி எழுந்தபோது சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காக எடுத்துச் சொன்னார். தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அரசு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்குவதும், அது ஒருத்தியைத் தன் காலில் நிற்கச் செய்யும் என்ற நம்பிக்கையினால்தான்.

அச்சிட்ட மாதிரியை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மாதிரியின் உறைமீது போட்டிருக்கும் அளவெண்ணுக்கும் ஆயத்த ஆடைக் கடையில் நாம் கேட்டு வாங்கும் அளவெண்ணுக்கும் சம்பந்தமில்லை. உறையின் பின்னால் இருக்கும் அட்டவணையில் தம் அளவைத் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். பட்டரிக், சிம்ப்ளிசிட்டி போன்ற அமெரிக்க மாதிரிகளில் தையலுக்கு உள்ளே விடவேண்டிய ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும். 1950-ல் ஜெர்மனியின் ஆஃபன்பர்க் நகரில் ஆனே புர்தா என்ற பெண்மணி தொடங்கிய புகழ்பெற்ற தையல் பத்திரிகையின் தாள்களிலோ, ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். அவற்றிலிருந்து நமக்குரியதை மட்டும் வேறு காகிதத்தில் பெயர்த்தெடுத்து, உள்விடுப்பை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் கோட்டின் மேலேயே கத்தரி ஓட்டியவர்களின் உடை ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும். மாதிரியின்மீது காணும் நீண்ட அம்புக்குறி அலங்காரத்துக்காகப் போட்டதன்று. துணியின் பாவு நூல் ஓடும் திசையில் அது கிடக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. ஓரத்தில் இருக்கும் சிறு முக்கோண வெட்டுக்குறிகள், எந்தத் துண்டு எதனோடு எந்த இடத்தில் சேரும் என்பதைச் சொல்பவை.

ரவிக்கைக்கு நாமே காகிதம் வெட்டிக்கொள்வதுதான் உத்தமம். அளவெடுப்பதை மட்டும் தானே செய்துகொள்ளக் கூடாது. குனிந்து டேப்பைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பின் அளவு மாறிவிடும். வழக்கமாக அணியும் உள்ளாடையோடு நிமிர்ந்து நின்று, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் எடுக்க வேண்டும். மார்புச் சுற்று, மார்புக்குக் கீழ்ச் சுற்று, தோளெலும்பிலிருந்து தோளெலும்பு வரை அகலம், முன் உயரம், பின் உயரம், கையின் நீளம், கைச்சுற்று என்பவை எல்லோரும் எடுப்பவை. பலர் விட்டுவிடுவன இரண்டு: கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் உச்சிவரை உள்ள நீளம், இரண்டு உச்சிகளுக்கும் இடையே உள்ள தூரம். தையற்காரர்கள் டாட் பாயிண்ட் என்று சொல்லும் அந்த இடம் அரை அங்குலம் தவறினாலும் மற்ற அளவெல்லாம் சரியாக இருந்து பிரயோஜனமில்லை; ரவிக்கை வேறு யாருடையதோ போலிருக்கும்.

மார்புச் சுற்று 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு விடவும் கை அசையவும் 2 அங்குலம் சேர்த்தால் 38. அதில் நாலில் ஒரு பங்கு ஒன்பதரை. பின்பாகக் காகிதத்தின் பாதி அகலம் அது. பக்கத்தில் பின்னால் பிரித்துவிடுவதற்கென ஒன்றரை அங்குலம் வெளியே விடுங்கள். உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்கும் நம் ஊர் வழக்கம் மிகவும் விவேகமானது. ஒரு ரவிக்கையின் ஆயுளைப் பல வருஷம் நீட்டிக்க வல்லது. முன்பாகத்துக்கு இதோடு டாட் என்னும் மடிப்புத் தையல் பிடிப்பதற்கான அகலமும் கொக்கிப்பட்டிக்கான அகலமும் சேரும். ரவிக்கை உடம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்று அந்த 2 அங்குலத்தையும் குறைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். உட்கார்ந்து எழும்போதெல்லாம் பக்கத் தையல் நெரிந்து, ஆறே மாதத்தில் துணியே நூல் நூலாகப் பிரிந்துவிடுவதைத்தான் அதில் கண்ட பலனாக என்னால் சொல்ல முடியும்.

கைவளைவைப் பற்றி, அதாவது ஆம்ஹோலைப் பற்றி, சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அக்குளில் இறுக்கமாயிருக்கிறது என்று தோன்றியவுடனே எல்லோரும் செய்வது அந்த வளைவை இன்னும் கீழே தோண்டுவதுதான். நின்றபடி இருக்கும்போது அது சௌகரியமாகவே தோன்றும். கொடியில் துணி உலர்த்தக் கையை உயர்த்திப் பாருங்கள். ரவிக்கை முழுவதும் கையோடு கூடவே மேலே ஏறி, இடுப்புப் பட்டி மார்பில் வந்து நிற்கும். வளைவு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவுக்குக் கையும் உடம்புத் துணியும் ஒன்றாகக் கட்டுண்டு போகின்றன. அக்குளை ஒட்டி, வெட்டாமல் உயரமாக நிற்கும் வளைவில்தான் கை தனியாகவும் உடம்பு தனியாகவும் அசையும். இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வளைவின் ஆழமன்று. மேல்கையின் சுற்று குறைவாக இருப்பதோ, முன்பக்க வளைவு போதிய அளவு குடையப்படாததோதான். முன்வளைவைப் பின்வளைவைவிட அரை அங்குலம் உட்குழித்து வெட்டினாலே அநேகமாகத் தொல்லை தீர்ந்துவிடும்.

காகிதம் முடிந்ததும் நேரே பட்டில் கத்தரி வைக்காதீர்கள். காடாத் துணியிலோ, கிழிந்த பருத்திச் சேலையின் நல்ல பகுதியிலோ ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். மிஷினில் உள்ள மிக நீண்ட தையலை வைத்து, தையல் ஓரங்கள் வெளிப்பக்கம் தெரியும்படி தைத்துப் போட்டுக்கொண்டால், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குண்டூசியால் பிடித்துத் திருத்தலாம். இடம் வலமும் மாறாது. நம்மில் பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு திருத்தியவள், தாழ்ந்த தோளுக்குச் செய்ய வேண்டியதை உயர்ந்த தோளுக்குச் செய்துவிட்டு, ஏன் முன்னைவிட மோசமாயிற்று என்று தெரியாமல் திகைப்பாள்.

கண்ணாடி முன் நின்றதும் பார்க்க வேண்டியவை சுருக்கங்களே. அவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று விறைப்பாக, கயிற்றை இழுத்துக் கட்டியதுபோல நிற்பது; மற்றொன்று தொய்ந்து, விரலால் கிள்ளியெடுக்கும்படி கிடப்பது. விறைத்த சுருக்கம் அதன் முனை சுட்டும் இடத்தில் துணி போதவில்லை என்று முறையிடுகிறது. தொய்ந்த சுருக்கம் அங்கே துணி மிஞ்சிவிட்டது என்கிறது. இந்தப் பேதத்தை அறியாமல் எல்லாச் சுருக்கத்துக்கும் பக்கத் தையலைப் பிடிப்பதும் விடுவதுமே வைத்தியம் என்று நினைப்பதால்தான் பெரும்பாலான ரவிக்கைகள் திருத்தத் திருத்தக் கெட்டுப்போகின்றன.

கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளந்து, மார்பின் உச்சியிலிருந்து கைவளைவை நோக்கிக் கிரணங்கள்போல் விறைத்த கோடுகள் ஓடினால், முன்பாகத்தில் மட்டும் இடம் போதவில்லை என்று பொருள். பக்கத்தைப் பிரித்துவிட்டால் முதுகு தொய்யுமேயன்றி முன்பக்கம் சரியாகாது. முன்பாகக் காகிதத்தை இடுப்பிலிருந்து டாட் பாயிண்ட் வரை, அங்கிருந்து கைவளைவு வரை வெட்டி, உச்சியில் அரை அங்குலம் அகலும்படி விரித்து, கீழே வேறு காகிதம் வைத்து ஒட்டுங்கள். டாட் அதற்கேற்பப் பெரிதாகும். தோளும் கழுத்தும் இருந்தபடியே இருக்கும். அச்சிட்ட மாதிரி வாங்குகிறவர்களுக்கும் இதே யுக்திதான்: அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே எடுத்த சுற்றளவை வைத்துத் தோளுக்குப் பொருந்தும் அளவை வாங்கிக்கொண்டு, முன்பாகத்தை மட்டும் விரித்துக்கொள்ள வேண்டும், மார்புக்கென்று பெரிய அளவை வாங்கினால் தோள் புஜத்தில் வந்து தொங்கும்.

கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் தொய்ந்த மடிப்புகள் விழுந்தால் தோள் சரிந்தது; காகிதத்தில் தோளின் வெளிமுனையைக் கால் அங்குலம் இறக்கி, அதே கால் அங்குலம் கைவளைவின் அடியையும் இறக்குங்கள், இல்லாவிடில் வளைவு சிறுத்துவிடும். பிடரிக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்புப் படுத்திருந்தால் தோள் நேரானது. அதற்கு மறுதலையாகச் செய்ய வேண்டும். முன்கழுத்து உடம்பை ஒட்டாமல் எழும்பி நின்றால், எழும்பிய அளவைக் கிள்ளிப் பாருங்கள். அதே அளவைக் காகிதத்தின் கழுத்தோரத்தில் மடித்து, மடிப்பின் முனையை டாட் பாயிண்டில் முடித்துவிட்டால் அடங்கும். தோள் நழுவுவதற்கு முதுகில் கயிறு கட்டிவிடுவது தையற்கடைகளில் கண்ட நல்ல உபாயம். ஆனால் கழுத்தின் அகலத்தைக் காகிதத்திலேயே இரு புறமும் கால் அங்குலம் குறைத்துவிட்டால் கயிறு அலங்காரத்துக்கு மட்டும் போதும். எதைத் திருத்தினாலும் தோளில் தொடங்கிக் கீழே வாருங்கள், ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். உடை முழுவதும் தோளிலிருந்துதான் தொங்குகிறது. தோள் சரியானதும் கீழே இருந்த குற்றங்களில் பாதி சொல்லிக்கொள்ளாமல் மறைந்துவிடும்.

நான் முதன்முதலில் தைத்த ரவிக்கை நீலநிற டூ பை டூ ரூபியாத் துணி. பாவிலும் ஊடையிலும் இரட்டை நூல் கொடுத்து நெய்வதால் அந்தப் பெயர். மாதிரி வெட்டி, வெள்ளோட்டம் பார்த்து, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் துணி போதவில்லை என்று இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே வெட்டினேன். காகிதத்தை இரண்டாம் முறை புரட்டிப் போட மறந்தேன். இரண்டும் வலக்கை. இடத்தோளில் எப்படி வைத்துப் பார்த்தாலும் முன்வளைவு முதுகுப்பக்கம் போயிற்று. பின்னரும் விடாப்பிடியாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். இடக்கையை முன்னால் நீட்ட முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஆணியிலிருந்து கைக்காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இதை உன் வலத்தோளில் வை, இப்போது அப்படியே இடத்தோளுக்குக் கொண்டுபோ. என்ன பண்ணினாய்?" என்று கேட்டாள். காகிதம் என் கையில் தானாகவே புரண்டிருந்தது. அன்றுமுதல் என் கைக்காகிதங்களில் ஒரு பக்கம் 'வலம்' என்றும் மறுபக்கம் 'இடம்' என்றும் எழுதியிருக்கும். துணியை மடித்து இரண்டு கைகளையும் ஒருசேர வெட்டுவதே நல்லது; முடியாதபோது அந்த எழுத்து காப்பாற்றும்.

துணியைப் பற்றிச் சொல்வதானால், பருத்தியை வெட்டுவதற்கு முன்பு ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். பட்டு ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் பருத்தி லைனிங்குக்கு இது இரட்டிப்பு அவசியம். ஊறாத லைனிங் முதல் சலவையில் சுருங்கி, மேலே உள்ள பட்டை அங்கங்கே இழுத்துச் சுளிக்கவைத்துவிடும். பாவு நூல் ஓடும் வாட்டத்தில் துணி அதிகமாக நீளாது. ஊடை வாட்டத்தில் சிறிது நீளும். மூலைவாட்டத்திலோ ரப்பரைப்போல் நீளும். இந்த மூன்றாவது குணத்தைப் பயன்படுத்தி முன்பாகத்தை மட்டும் மூலைவாட்டத்தில் போட்டு வெட்டுவதுதான் கிராஸ் கட். துணி சிறிது அதிகம் பிடிக்குமாயினும், உடம்பின் வளைவை அது தானே அறிந்து படியும் அழகு நேர்வெட்டில் வருவதில்லை.

தைக்க உட்காரும்போது முதலில் ஊசியைப் பாருங்கள். மெல்லிய பட்டுக்கும் வாயிலுக்கும் 11-ஆம் எண், சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16. ஊசியின் உடலில் நீண்ட பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும். மாறினால் தையல் விட்டு விட்டு விழும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் போதுமானது. வெட்டில் மிஞ்சிய துண்டில் தைத்துப் பாருங்கள். பாபின் நூல் மேல்பக்கம் தலைகாட்டினால் மேல்நூல் இறுகியிருக்கிறது. அடிப்பக்கம் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒரு கொக்கியில் மாட்டாமல் விட்டுப்போயிருக்கிறது.

டாட் பிடிப்பதில்தான் கை தெரியும். அகன்ற இடத்தில் தொடங்கி உச்சியை நோக்கி வந்து, டாட் பாயிண்டுக்கு முக்கால் அங்குலம் முன்னதாகவே முடிக்க வேண்டும். உச்சிவரை கொண்டுபோனால் அங்கே கூர்முனை ஒன்று நிற்கும். கடைசி மூன்று நான்கு தையல்கள் மடிப்பின் விளிம்பிலேயே, ஓரிரு நூலிழை அகலத்தில் ஓடித் துணியை விட்டு இறங்கட்டும். அங்கே மிஷினைப் பின்னால் ஓட்டிக் கெட்டிப்படுத்தாமல், நூலை நீளமாக விட்டு வெட்டிக் கையால் முடிச்சிடுங்கள். கழுத்து வளைவு மூலைவாட்டத்தை அடுத்து அடுத்துத் தொட்டுச் செல்வதால், வெட்டி வைத்த நேரத்திலிருந்தே நீண்டுகொண்டிருக்கும். எனவே வெட்டியவுடன், ஓரத்திலிருந்து எட்டில் ஒரு அங்குலம் உள்ளே ஒற்றைத் தையல் ஒன்று ஓட்டிவிடுங்கள். அதன்பிறகு ஒன்றேகால் அங்குல அகலத்தில் மூலைவாட்டமாக வெட்டிய கிராஸ் பீஸை வைத்துத் தைத்து, வளைவில் கத்தரி நுனியால் சிறு சிறு வெட்டுகள் கொடுத்து, உள்ளே மடித்து, கையால் ஹெம்மிங் செய்தால் கழுத்து வட்டமாகப் படியும். கையின் மேல்வளைவு உடம்பின் வளைவைவிட அரை அங்குலம் நீளமாகவே இருக்கும், பிழையென்று வெட்டிவிடாதீர்கள். அந்த மிச்சத்தைத் தோளை ஒட்டிய மேற்பகுதியில் சிறிது சிறிதாகப் பரப்பி அமுக்கித் தைத்தால்தான் தோளின் உருட்சிக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொரு தையலும் முடிந்தவுடன், அதன்மேல் இன்னொன்று குறுக்கிடுவதற்கு முன்பாக, இஸ்திரி போடுவதைக் கடைசிவரை கைவிடாதீர்கள். பக்க டாட் கீழ்நோக்கியும், இடுப்பிலிருந்து எழும் டாட் நடுவை நோக்கியும் சாயட்டும். வலப்பக்கம் கொக்கிப்பட்டி உள்ளே மடியும், இடப்பக்கப் பட்டி வெளியே நீளும். வலது இடதின்மேல் வந்து மூடும்.

அம்மாவின் ஆணியும் வளையமும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. கடைசி வருஷங்களில் அவளால் மிஷின் மிதிக்க முடியவில்லை. அவளுக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன். அவளுடைய காகிதத்தில் அவள் கையெழுத்தில் ஐந்து தேதிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே என் கையெழுத்தில் மூன்று. வலத்தோளைக் கால் அங்குலம் இறக்கியது முதலாவது. முதுகு கூனத் தொடங்கியபோது பின்பாகத்தின் நடுவை அரை அங்குலம் உயர்த்தி ஒட்டுக்காகிதம் வைத்தது இரண்டாவது. மூன்றாவது, விரல்கள் வளையாமல் அவள் கொக்கி மாட்டச் சிரமப்பட்டபோது, முன்பட்டியைக் கால் அங்குலம் அகலமாக்கிப் பெரிய அழுத்துப் பொத்தான்கள் வைத்ததற்கு.